கரண்டு அடுப்பு எரியலையாம், வரச் சொன்னாங்க

கரண்டு அடுப்பு பழுது பார்ப்பவனை யாரும் சந்தோஷமாக இருக்கும்போது கூப்பிடுவதில்லை. உலையில் அரிசி பாதி வெந்திருக்கும், சம்பந்தி வீட்டார் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அப்போதுதான் கடைக்குப் போன் வரும்.

எண்பதுகளில் கோலசிலாங்கூரில் ஒரு சீனர் கடையில் எனக்கு இந்த வேலை. ரேடியோவும் காற்றாடியும் பழுது பார்த்தவர்கள் நிழலில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அடுப்பைத்தான் யாரும் தூக்கிக்கொண்டு கடைக்கு வரமாட்டார்களே. அதனால் மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈஜோக், தஞ்சோங் காராங், பாகான் நக்கோடா ஓமார் என்று நான் அலைந்தேன். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் குப்புறப் படுத்து, வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று யோசனை சொல்லச் சொல்ல வேலை செய்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

முருகன் துணை

ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி வீடு. கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுபவர். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலை போய்விட்டு வந்ததிலிருந்து அடுப்பு செத்துக் கிடக்கிறது என்றார்கள். அடுப்பை முன்னால் இழுத்து, பின்தகட்டைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. கரண்டுதான் அடுப்புக்கு வந்து சேரவில்லை.

இப்படிப்பட்ட அடுப்புக்குச் சுவரில் தனியாக ஒரு பெரிய சுவிட்ச் இருக்கும். தேடினேன், காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் பத்துமலையில் வாங்கிய முருகன் காலண்டர் தொங்கியது. ஊருக்குக் கிளம்பும்போது கிராணி பொறுப்பாகச் சுவிட்சை அணைத்திருக்கிறார். திரும்பி வந்ததும் அவர் மனைவி பக்தியாக அதன் மேலேயே காலண்டரை மாட்டியிருக்கிறார். நான் காலண்டரைத் தூக்கிச் சுவிட்சைப் போட்டதும் அடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. கிராணி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்:

"வேண்டிக்கிட்டே இருந்தேன் தம்பி, முருகன் எரிய வச்சிட்டாரு!"

பாய் வீட்டு மணி

கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் அடுப்பைத் தன் வீட்டுக்கு வாங்கிப் போட்டிருந்தார். மேலே சட்டி வைக்கும் தட்டுகள் சுட்டன, கீழே ஓவன் மட்டும் சுடவில்லை. அந்த அடுப்பின் நெற்றியில் ஒரு கடிகாரம் உண்டு. இந்த மணிக்கு ஓவன் தானாக எரியட்டும் என்று அதில் நேரம் வைக்கலாம். வைத்துவிட்டால் அந்த நேரம் வரும்வரை என்ன திருகினாலும் ஓவன் எரியாது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று பாய் அங்கிருந்த எல்லாக் குமிழ்களையும் திருகியிருக்கிறார். மணி சரியாகிவிட்டது, ஓவன் நேரம் பார்த்து உட்கார்ந்துவிட்டது. நான் குமிழில் கை வைத்ததும் பாய் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்:

"ரொட்டி வேகாட்டி பரவால்ல தம்பி, மணிய மட்டும் தொட்றாதீங்க. வீட்ல நோன்பு தொறக்கறதே அதப் பாத்துத்தான்!"

படம் போடுகிற நாள்

சபாக் பெர்ணம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டில் விசித்திரமான கோளாறு. மற்ற நாள்களில் ஒழுங்காக எரியும் ஓவன், வாரத்தில் ஒரு நாள் மட்டும் எரியாது. அது டிவியில் தமிழ்ப்படம் போடும் நாள். தீபாவளி நெருங்கிவிட்டது, மண்டோர் மனைவி கேக் மாவைக் கரைத்து வைத்துவிட்டுக் கண் கலங்க நின்றார். அடுப்பில் குறை எதுவும் தெரியவில்லை. அந்தத் தோட்டத்துக்குக் கரண்டு கொடுப்பது தோட்டத்துச் சொந்த எஞ்சின். ஆகவே கம்பி போன வழியே எஞ்சின் கொட்டகைக்கு நடந்தேன்.

எஞ்சின் பார்த்துக்கொள்ளும் மாணிக்கம் என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பியூசை எடுத்து மரியாதையாக நீட்டினார். மண்டோர் வீட்டு ஓவனுக்குத் தனியாகப் போகும் பியூஸ். ஓவன் எரிந்தால் எஞ்சின் திணறும், எஞ்சின் திணறினால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து டிவியில் கதாநாயகன் நாலா பக்கமும் சுருங்கிப் போவான். லயமே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும்போது அவர் யாருக்குப் பதில் சொல்வார்? எனக்குக் கோபம் வரவில்லை, அவர் நிலைமையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த அம்மாளின் மாவை நினைத்து மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சொன்னது இது:

"கேக்கு நாளைக்கும் சுடலாம்ணே. படம் நாளைக்கு வருமா?"

பால் பொங்கியது

சரோஜாவை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ரவாங் பேக்டரியில் வேலை செய்த பெண். கணவன் லோரி ஓட்டுநர். தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி பத்தாங் பெர்ஜுந்தையில் புதிதாகக் கட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். மாமியாருக்கு அதில் அரை மனம். ஆனால் கைக்குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டால்தான் சரோஜா வேலைக்குப் போக முடியும், அவள் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டுக்குத் தவணை கட்ட முடியும்.

குடிபுகுந்த அன்று விடியற்காலையில் பால் காய்ச்சினார்கள். புது வீடு, புது கரண்டு அடுப்பு, அதிலேயே காய்ச்சலாம் என்றவளும் சரோஜாதான். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தது. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். வழிந்த பால் நேராகக் குமிழ்களுக்குள் இறங்கியது. அடுப்பு, விளக்கு, காற்றாடி எல்லாம் ஒரே நொடியில் அணைந்து வீடு இருண்டு போனது. "வந்த அன்னிக்கே வீடு இருட்டாயிருச்சே" என்று ஓர் அத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நான் போனபோது விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். வாசலில் மாமியாரின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது, லயத்துக்குத் திரும்ப மகனின் லோரிக்காகக் காத்திருந்தார். சரோஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை மூலையில் நின்றாள். அழுது முடித்த முகம். வீட்டில் கரண்டு வந்திருந்தது, ஆனால் அடுப்பைப் போட்டால் மறுபடியும் எல்லாம் அணைந்தது. குமிழ்த் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பால் ஆடை கட்டி, எறும்புகள் அதற்குள் குடிபுகுந்து முடித்திருந்தன. துடைத்து, காற்றாடியை வைத்துக் காயவிட்டேன். மாமியார் வாசலிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, உண்மைய சொல்லு. இந்த வீடு எங்கள வேணாங்குதா?"

பொய் சொல்லியாவது அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்ல வேளை, பொய்க்கு அவசியமே வரவில்லை. "பால் பொங்கும்போது பானைய யாருமா புடிச்சிருந்தது?" என்று கேட்டேன்.

"நான்தான். மூத்தவதான புடிக்கணும்."

"கால்ல செருப்பு?"

"சாமி காரியத்துக்கு யாராச்சும் செருப்பு போடுவாங்களா?"

அவரை வாசல் பக்கம் சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்கு அழைத்துப் போனேன். ஈரத்தில் கரண்டு கசிந்தால், ஆளைக் கொல்வதற்குள் வீடு முழுவதையும் அணைத்துவிடும் சுவிட்ச் அது. இந்தப் புது வீடுகளில் வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய பழைய லயத்தில் கிடையாது. "வெறுங்காலு, ஈரக்கை, பித்தளைப் பானை. லயத்துல இது மாதிரி ஆகியிருந்தா இன்னிக்கு உங்களுக்கு மாலை போட்டிருப்பாங்கம்மா. இந்த வீடு இருட்டானதாலதான் நீங்க என்கூட பேசிக்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

அவர் தன் உள்ளங்கையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு சாமி மேடைக்குப் போய்க் குங்குமம் எடுத்துவந்து, அந்தப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தார். சுவிட்சுக்குள் உதிர்ந்துவிடப் போகிறது என்று எனக்குப் பக்கென்றது, ஆனாலும் தடுக்க மனம் வரவில்லை. அவர் வாசலில் இருந்த தன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து, குழந்தையைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்:

"சரோஜா, இந்தப் பைய என் ரூம்ல வச்சிட்டு வந்து பால அடுப்புல வையி. இந்தத் தடவ பொங்க விட்றாத, தம்பிக்குக் காப்பி போடணும்."

நான் கழற்றிப் போட்ட அடுப்புகளில் நிஜமாகவே கெட்டுப் போனவை மிகக் கொஞ்சம் என்ற விஷயத்தை மட்டும், தயவுசெய்து, யாரும் என் முதலாளி காதில் போட்டுவிடாதீர்கள்.