கட்டில் கம்பி வைரவர்

அந்தச் சூலம் ஒரு பழைய கட்டிலின் இரும்புக் கம்பி. நெல்லியடியில் ஒரு கொல்லரிடம் கொடுத்து அதைச் சூலமாக அடிப்பித்து, சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தவர் என் சின்னம்மா. இன்று அதற்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பருத்தித்துறைக்குக் கிழக்கே, எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டிகளின் மேல் ஒரு காடு இருந்தது. பாலையும் நாவலும் ஈச்சம் பற்றையுமாய்க் கிடந்த அரச காணி. மழைத் தண்ணீரை அந்த மணல்தான் வாங்கி வைத்து எங்கள் கிணறுகளுக்குக் கொடுத்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் சின்னம்மாவின் கிணற்றுத் தண்ணீர் தித்தித்தது. அதை நம்பித்தான் அவர் வெங்காயம் நட்டார். அந்தத் திட்டியை வெட்டி, காட்டின் நடுவால் கடற்கரைக்கு வீதி போடவேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. நில அளவைக்காரர் வந்து தறிக்கவேண்டிய மரங்களுக்குச் சிவப்பு மை பூசினார்கள். நாங்கள் மனு எழுதினோம், கூட்டம் வைத்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“மனுசருக்குப் பயப்பிடாதவங்கள் வைரவருக்குப் பயப்பிடுவாங்கள்” என்றார் சின்னம்மா. ஒரு வெள்ளிக்கிழமை, மை பூசிய பெரிய பாலை மரத்தின் கீழ் சூலத்தை வைரவராக நட்டு, சிவப்புப் பட்டுக் கட்டி, வடை மாலை போட்டார். சூலம் நட்ட மரத்தில் எங்கள் பக்கத்தில் எவன் கத்தி வைப்பான்? புல்டோசர் ஓட்டி வந்தவர் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். “என்னாலை ஏலாது அம்மா” என்று இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சின்னம்மா அன்று வாய்விட்டுச் சிரித்தார்.

வினை பிறகுதான் வந்தது. வீதியையே மறித்த வைரவரின் புகழ் கனடா வரை போய், அங்கிருந்து பணம் வந்தது. மரத்தடியில் இருந்தவருக்கு மண்டபம் எழும்பியது. பாலையின் வேர் அத்திவாரத்துக்கு இடைஞ்சலாம். பூசை செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மரத்தைத் தறித்தார்கள்! அடுத்த கூட்டத்தில் கோயில் சபைத் தலைவர் எழும்பினார்.

“சனம் காருகளிலை வரப்போகுது. வைரவருக்கு ஒரு றோட்டு வேண்டாமே?”

எங்கள் மனுவில் கையெழுத்து வைத்த அதே கைகள் தட்டின. “நான் நட்டது காட்டைக் காக்க. உங்கடை காருகளுக்கு வழி விடுறதுக்கில்லை” என்றார் சின்னம்மா. “உப்பிடிக் கதைச்சால் தெய்வக் குற்றம், இருங்கோ அக்கா” என்று அவரை அடக்கிவிட்டார்கள். பழைய கோட்டிலேயே, அதே திட்டியை வெட்டி, அதே வீதி வந்தது. பிறத்தியார் செய்திருந்தால் கொடி பிடித்திருப்போம். செய்தது நாங்கள், அதனால் தேங்காய் உடைத்தோம். தூ!

சில கோடைகளுக்குள் கிணறு உவர்த்தது. வெங்காயத் தாள் நுனி கருகிச் சாய்ந்தது. சின்னம்மா கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. வெள்ளிதோறும் பாலுக்குப் பதிலாக அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்பு அபிஷேகத்துக்குக் கொடுத்தார். ஐயர் தயங்கியபோது, “எனக்கு மிஞ்சினது உதுதான். அவரும் குடிக்கட்டும்” என்றார். சாகும்வரை அவர் தவறவிடவில்லை.

போன வாரம் நான் போனபோது, வெள்ளிக் கவசத்தின் அடியால் துரு வழிந்து கருங்கல்லில் கறை பிடித்திருந்தது. புதிதாக வெண்கலச் சூலம் செய்யப் பேசுகிறார்கள். “இரும்பை எது உப்பிடித் திண்டது?” என்று தலைவர் என்னைக் கேட்டார். அவரைச் சின்னம்மாவின் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒரு வாளி அள்ளிக் கையில் வார்த்தேன். ஒரு மிடறு வாயில் வைத்தவர் துப்பினார். பிறகு காரில் ஏறி, அந்த வீதியாலேயே போனார்.