கதவில்லாத வாசல்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையுச்சியில் பழங்காலக் கோட்டை ஒன்று இடிந்து கிடந்தது. மதில் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் அங்கே புல் வெட்டுகிற மனிதர், தலையில் கம்பளியும் கையில் கத்தியுமாக அதைச் சுற்றிப்போய், கதவில்லாத வாசல் வழியாகத்தான் நுழைவார். ஒருநாள் நான் மதிலைத் தாண்டி உள்ளே இறங்கினேன்.

"வாசல் அந்தப் பக்கம் இருக்குங்க, வாத்தியாரய்யா."

"இடிஞ்ச மதில்தானே? தாண்டினா என்ன?"

"நான் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன்ங்க. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டேன், இல்லேன்னுட்டாங்க. இந்தியாவுலருந்து கள்ளத்தோணியில வந்தவன்ங்கிறாங்க. செவுரு தாண்டி வந்தவன்னு வேற எவனும் சொல்லிறக் கூடாதுங்க."

சொல்லிவிட்டுப் புல் வெட்டக் குனிந்துவிட்டார்.

திரும்பும்போது நானும் சுற்றிப்போய் வாசல் வழியாகவே வெளியே வந்தேன். நான் போட்டிருந்த பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கும் அதுவரை பதில் வந்திருக்கவில்லை.