இங்கே யாரும் இல்லை

போன சனிக்கிழமை காலை பசியாறி முடித்து, பாத்திரம் கழுவிய ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் நான் ஒரு விண்கலம் ஆகிவிட்டேன்.

சரியாகத்தான் படித்தீர்கள். விண்கலம்!

என் மகள் தர்ஷினியைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். இருபத்தேழு வயது. ஜொகூர் பாருவில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறாள். கேமுக்கு எதற்குக் கதை என்று வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டேன். "பின்ன? சும்மா சுட்டுக்கிட்டே இருப்பாங்களா?" என்றாள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எங்கள் உலு திராம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தாள். கையில் கண்ட்ரோலரைத் திணித்தாள்.

"அம்மா, ஒரு ஹெல்ப். கேமே வெளையாடாத ஆள் ஒருத்தவங்க வெளையாடிப் பாக்கணும். எங்க மாட்டிக்கிறாங்கன்னு நான் நோட் பண்ணணும்."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"உங்கள விட கேம் தெரியாத ஆள் ஜொகூர்லயே இல்லலா."

மறுக்க முடியவில்லை. உண்மை அது.

விண்வெளிக் கதை என்றாள். அம்மாவைப் பற்றிய கதை என்றாள். எனக்குக் குஷி... பரவாயில்லையே, நம்மையும் ஒரு பொருட்டாக மதித்துக் கதை எழுதுகிறார்களே!

"இந்த மாதிரி கேம்ல அம்மாங்க நெறைய வருவாங்களா?"

"வருவாங்க. ஆனா பெரும்பாலும் முதல் பத்து நிமிஷத்துல செத்துடுவாங்க."

"என்னது?"

"செத்துட்டு குரல் மட்டும் ரெக்கார்டிங்ல வரும். இல்லன்னா கம்ப்யூட்டரா மாறிடுவாங்க. இல்லன்னா வேற கிரகத்துல முட்டை போடுற பெரிய ராணி... அதைச் சுட்டாத்தான் கேம் முடியும்."

"அதுவும் அம்மாதானேடி! புள்ளகுட்டிக்காரிய ஏன் சுடணும்?"

தர்ஷினி சிரித்தாள். "அம்மா உசுரோட இருந்தா புள்ள வீட்டை விட்டுக் கெளம்பவே மாட்டாளேம்மா. அப்புறம் கதை எப்படி ஆரம்பிக்கும்?"

அலமாக்! ஒரு கதை தொடங்குவதற்கு நாம் சாக வேண்டுமா? முதல் அதிர்ச்சி அது. அன்றைக்கு வரப்போகும் அதிர்ச்சிகளிலேயே ஆகச் சின்னது அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் எழுதிய கேமில் அம்மா சாகவில்லை. கப்பலாக இருக்கிறாள். நெடுந்தூரம் போகிற ஒரு விண்கலம். விபத்தில் எல்லோரும் இறந்துவிட, ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் மிச்சம். அதைக் கப்பலே வளர்க்கிறது. குழந்தை அதை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறது. விளையாடுகிற ஆள்தான் அந்தக் கப்பல். அதாவது, நான்.

கொஞ்ச நேரம் தடுமாறினேன். விளக்கைப் போடச் சொன்னால் கதவைத் திறந்தேன். அப்புறம் பிடிபட்டுவிட்டது. குழந்தை நடக்கிற பக்கமெல்லாம் விளக்கு எரிய வைத்தேன். குளிர்ந்தால் சூடு ஏற்றினேன். உடைந்த பக்கம் போனால் அலாரம் அடித்தேன். குழந்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றது.

"இவளுக்குத் தல துவட்டி விட எந்த பட்டன்?"

"அதுக்கு பட்டன் இல்லம்மா. உங்களுக்குக் கை கெடையாது. நீங்க கப்பல்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள்... என் கை தானாகத் துண்டைத் தேடியது. திரையில் இருப்பது படம்தான். தெரியும். இருந்தாலும் ஒரு பிள்ளை ஈரத் தலையோடு நிற்கிறது, துவட்ட முடியவில்லை!

மூன்றாம் பகுதி வந்தது. குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது. தூங்கிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று கப்பலுக்கு ஒரு செய்தி. எங்கோ தொலைவிலிருந்து ஒரு குரல்.

'இது மீட்புக் கப்பல். அங்கே யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?'

திரையில் இரண்டு பதில்கள். ஒன்று: 'ஒரு பெண் இருக்கிறாள்.' இன்னொன்று: 'இங்கே யாரும் இல்லை.'

நான் யோசிக்கவில்லை. ஒரு விநாடி கூட எடுக்கவில்லை. 'இங்கே யாரும் இல்லை' என்பதை அமுக்கினேன்.

முன்பின் தெரியாதவர்கள். யார், என்ன, எங்கே கொண்டுபோவார்கள்? தூங்குகிற பிள்ளையை எழுப்பி யாரோ ஒருவரிடம் கொடுப்பதா?

அந்தக் குரல் நன்றி சொல்லிவிட்டுப் போனது. ஒரு வெளிச்சப் புள்ளி மெல்ல நகர்ந்து மறைந்தது. அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த தர்ஷினியின் பேனா நின்றிருந்தது.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஏனென்றால் இந்தப் பதிலை நான் ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். கேமில் இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் கணவர் ஸ்ட்ரோக் வந்து ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தர்ஷினிக்கு அப்போது பத்தொன்பது. பினாங்கில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அவள் வார்டுக்குள் அப்பாவோடு இருந்தாள், கைப்பேசியை அணைத்துவிட்டு. நான் வெளியே வராந்தாவில். என் கைப்பேசி அடித்தது.

மலாய்க்காரப் பெண். இனிமையான குரல். மகளின் எண் கிடைக்கவில்லை, அதனால் விண்ணப்பத்தில் இருந்த அம்மாவின் எண்ணுக்கு அழைப்பதாகச் சொன்னார். இடம் கிடைத்திருக்கிறது, உதவித் தொகையும் உண்டு, வருகிறாரா இல்லையா என்று உறுதி செய்ய வேண்டும்.

'டியா தாக் மாவ்' என்றேன். அவளுக்கு வேண்டாம்.

அந்தப் பெண் மறுபடியும் கேட்டார், நிச்சயமா என்று. நிச்சயம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

உள்ளே போனேன். "யாரும்மா போன்ல?" என்று தர்ஷினி கேட்டாள். "ராங் நம்பர்" என்றேன்.

இரண்டு மாதத்தில் என் கணவர் எழுந்து நடந்தார். அடுத்த வருடம் பழையபடி பள்ளிப் பேருந்து ஓட்டவே போய்விட்டார். ஏறக்குறைய எல்லாம் சரியானது. நான் மட்டும் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடவில்லை. தர்ஷினி கெலாங் பாத்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷிப்ட் முடிந்து வந்து, வார இறுதி வகுப்புக்குப் போய், தானாகவே மிச்சத்தைக் கற்றுக்கொண்டாள். நான்கு வருடத்தில் முடிய வேண்டியது ஏழு வருடம் இழுத்தது.

நானோ... இதே பத்தியில் உங்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பறக்க விடுங்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்? 'அருமை மேடம்' என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள். அதை எழுதிய கைதான் அந்தப் போனைப் பிடித்த கையும்.

திரும்பவும் திரைக்கு வருகிறேன். கடைசிப் பகுதி. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். கப்பலில் வளர்க்கும் செடிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று மேலே, அதாவது என்னைப் பார்த்து, கேட்கிறாள்.

'அம்மா, என்னைக்காவது யாராவது நம்மளக் கூப்பிட்டாங்களா?'

மறுபடியும் இரண்டு பட்டன். ஆமாம். இல்லை.

என்னால் அமுக்க முடியவில்லை. கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டேன்.

"எங்கம்மா மாட்டிக்கிட்டீங்க?" தர்ஷினி மெதுவாகக் கேட்டாள்.

"தர்ஷினி... பினாங்கு காலேஜ்லருந்து கூப்பிட்டாங்க. அன்னிக்கு, ஆஸ்பத்திரில. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டேன். எட்டு வருடம் தொண்டையில் கிடந்தது, இரண்டே வரியில் வெளியே வந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்மா" என்றாள்.

தெரியுமா?

"ரெண்டு வாரம் கழிச்சு நானே ஈமெயில் போட்டுக் கேட்டேன். உங்க அம்மா மறுத்துட்டாங்க, இடத்த வேறாளுக்குக் கொடுத்துட்டோம்னு பதில் வந்துச்சு."

"அப்பவே ஏண்டி கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? அப்பா ஒரு பக்கம் கை வராமக் கெடந்தாங்க. நீங்க சாப்பிடக்கூட இல்ல. அப்புறம் அப்பா நடந்தாங்க... நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லல. அப்புறம் கோவம். அப்புறம் அது பழகிருச்சு."

பழகிருச்சு! அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் ரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எட்டு வருடமும், என் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டவளுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு முறை நான் 'இந்தக் காலத்துப் புள்ளைங்க எதையும் சொல்றதில்ல' என்று குறைபட்டுக்கொண்டபோதும் அவள் தலையாட்டியிருக்கிறாள். யார் யாரிடம் மறைத்தது?

"என்னைக் குத்திக் காட்டத்தான் இத எழுதினியா?"

"இல்லம்மா." கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். "ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியணும். உங்ககிட்ட கேக்க முடியல. அதான் கப்பல்கிட்ட கேட்டேன். எழுத எழுத எனக்கு அந்தக் கப்பல் மேல கோவம் வரலம்மா. அது பயந்து போயிருக்கு, அவ்வளவுதான். ஆனா அது செஞ்சது தப்பு."

"ஆமாண்டி. தப்பு."

"மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் தெரியல."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? எழுந்து போய்க் கோப்பி கலக்கினேன். சீனி போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

மத்தியானம் என் கணவர் வந்தார். அவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கோபப்படாத மனிதர். கேட்டுவிட்டு, என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் சீக்க சாக்கா வச்சியா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் விழுந்து கிடந்ததால் மகள் வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அவர் எழுந்து நடந்த பிறகும் ஏன் கூப்பிடவில்லை? அப்போது எந்தச் சீக்கு? வீட்டில் அவள் இல்லாமல் இருக்க எனக்குப் பயம். அவ்வளவுதான். அதற்கு அவருடைய ஸ்ட்ரோக்கைப் போர்வையாகப் போர்த்தியிருக்கிறேன்.

"ஆமாங்க" என்றேன்.

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் அவராகவே மகளிடம் போனார். "அந்த கேமை எனக்கும் போடு" என்றார். இடது கை விரல் இன்னும் முழுதாக மடங்காது. கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் விளையாடினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அந்தக் கேள்வி வந்தது. யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?

அவர் வெகுநேரம் யோசித்தார். தூங்குகிற பெண்ணைப் பார்த்தார். பிறகு, 'ஒரு பெண் இருக்கிறாள்' என்பதை அமுக்கினார்.

மீட்புக் கப்பல் வந்தது. பெண் எழுந்தாள், அழுதாள், கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். காலியான கப்பல் மட்டும் இருட்டில் மிதந்தது. விளக்கெல்லாம் எரிந்துகொண்டே இருந்தது. திரை கறுத்தது.

"என்னம்மா, அவ்வளவுதானா?" என்று மகளைக் கேட்டார்.

"அவ்வளவுதான்பா. கேம் முடிஞ்சிருச்சு."

"அவ போயிட்டா, சரி. இந்தக் கப்பல் என்ன பண்ணும்?"

பிள்ளை கிளம்பிய பிறகு அம்மாவுக்கு என்ன ஆகும் என்று தர்ஷினி யோசிக்கவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் யோசிக்கவில்லை. அதனால்தானே அந்தப் பயம்?

"அதை நான் எழுதலப்பா" என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்க்கிறாள். "நீங்க சொல்லுங்கம்மா. கப்பல் என்ன பண்ணும்?"

"முதல்ல ஒரு பாட்டம் அழுவும்" என்றேன். "அப்புறம் உக்காந்து, தான் செஞ்சத ஒண்ணு விடாம எழுதும். நாலு பேருக்குத் தெரியிற மாதிரி."

"எழுதுமா?"

இதோ, எழுதிவிட்டேன்.