அண்ணன் வாங்கிய மலிவு ப்ராசசர்

அண்ணன் தேசிய சேவை என்ற இரண்டு வருடக் கட்டாய ராணுவப் பணிக்குப் போவதற்கு முந்தைய மாதம் எங்கள் வீட்டில் யாரும் தேசிய சேவையைப் பற்றிப் பேசவில்லை. ப்ராசசரைப் பற்றித்தான் பேசினோம். சாப்பிடும்போது பேசினோம், மாதா கோயிலுக்குப் போகும் பேருந்தில் பேசினோம், பூசை முடிந்து வெளியே வந்த கையோடு மறுபடியும் பேசினோம். கப்பல் பட்டறையிலிருந்து களைத்து வரும் அப்பாகூடக் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "என்னப்பா, எதுன்னு முடிவு பண்ணியா?" என்று கேட்பார். இல்லை என்பான் அண்ணன். அப்பா ஏதோ நிம்மதி அடைந்தவர் போலக் குளிக்கப் போய்விடுவார்.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணன் பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு, விளையாடுவதற்கென்றே ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் வந்துவிட்டது, கணினியின் மூளையான ப்ராசசர் மட்டும் பாக்கி. அதில்தான் வண்டி நின்றுவிட்டது. அவன் கண் வைத்திருந்தது இரண்டின் மேல். ஒன்று கொஞ்சம் விலை கூடியது. அதன் வேகம் கம்பெனியிலேயே யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி அனுப்பப்பட்டது. மாட்டிவிட்டால் சொன்ன வேகத்தில் சமர்த்தாக ஓடும். இன்னொன்று மலிவு. பிறவியில் கொஞ்சம் மந்தம், ஆனால் பூட்டு கிடையாது. நாமே உள்ளே போய் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ஓவர்கிளாக். ஏற்றிவிட்டால் விலை கூடியதற்குப் பக்கத்தில் வந்துவிடும், அளவு மீறினால் சூடேறிச் செத்துவிடும்.

ஒரே அச்சில் நூறு செய்தாலும் எது எவ்வளவு வேகம் பிடிக்கும் என்று செய்தவர்களுக்கே தெரியாதாம், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம். இதை அண்ணன் ரசித்து ரசித்துச் சொன்ன நாளிலிருந்து வீடு எரிந்துபோகும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் பக்கத்தில், மின்சைக்கிள் பேட்டரி வெடித்து ஒரு வீடு கருகிக் கிடக்கும் படத்தை ஒட்டியிருந்தார்கள். நாங்கள் இருந்ததோ ஒன்பதாவது மாடி. நான் தினமும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போவேன், பார்த்துக்கொண்டே திரும்பி வருவேன். விலை கூடியதையே வாங்க வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுக்க என் செபம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பூசை பார்த்துவிட்டு, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, அம்மாவும் அண்ணனும் நானும் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த கணினிக் கடைகளுக்குப் போனோம். குளிரூட்டிய அந்தக் குட்டிக் கடைக்குள் மீன் பையோடு நுழைந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். கடைக்காரச் சீன அங்கிள் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைத்தார். அண்ணன் ஒன்றைத் தூக்குவான், மற்றதை வைப்பான், அப்புறம் வைத்ததைத் தூக்குவான். ரெண்டுமே ஓகேதான் லா, சீக்கிரம் சொல்லு என்று அங்கிள் ஆங்கிலத்தில் அவசரப்படுத்தினார். அம்மா பையைக் கை மாற்றிக்கொண்டு பொறுமையாக நின்றாள். மீன் கடையில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றாலே கோபம் வந்துவிடும் அவளுக்கு. அண்ணன் மலிவானதை எடுத்தான்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்.

"ஏன் தம்பி, அதால முடியாதத எதுக்கு நாம செய்ய வைக்கணும்?"

"முடியும்மா. முடியும்னு அதுக்கே இன்னும் தெரியாது, அவ்ளோதான்."

அம்மா எம்ஆர்டி ரயில் நிலையம் வரும்வரை எங்களைவிட்டு நாலடி பின்னாலேயே நடந்தாள். மீன் நாறுகிறதே என்று கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் கணினியைப் பூட்டி முடித்தான். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவான், சோதனை ஓட்டுவான், அது உறைந்து நிற்கும். கொஞ்சம் இறக்குவான், மறுபடி ஓட்டுவான். திரையின் ஓரத்தில் சூடு எத்தனை டிகிரி என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். எழுபது வரை பச்சை, எண்பது வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நான் வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று சொல்லி அவன் அறைக்குள்ளேயே உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்பத்தொன்று என்றால் என் பென்சில் நின்றுவிடும். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் அவனும் சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் ப்ராசசர் கணக்கிலேயே நான் எழுதிவைத்துக்கொண்டேன்.

இன்னொரு ஆபத்து அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருளே கிடையாது. தொலைக்காட்சிக்கு உறை, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, குளிர்பெட்டிக் கைப்பிடிக்குக்கூடப் பூப்போட்ட துணி. அண்ணன் கணினியைப் பூட்டிய இரண்டாம் நாளே அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி, ஓரத்தில் நாடா வைத்து, அதற்கும் ஒரு உறை தைத்துவிட்டாள். அவ்வளவு அக்கறையாக அவள் எதையும் தைத்து நான் பார்த்ததில்லை. காற்று போக வேண்டும், மூடக் கூடாது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். சரி சரி என்று தலையாட்டினாள். அம்மாவின் சரி சரிக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் போக வேண்டிய வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. முகாமுக்குத் தேவையான கொசு மருந்து, கறுப்பு நாடா, பூட்டு எல்லாம் வாங்க அப்பாவும் அண்ணனும் பீச் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பினார்கள். போகும்முன் அண்ணன் நீளமான சோதனை ஒன்றைத் தட்டிவிட்டு என்னைக் காவல் வைத்தான். தொண்ணூறைத் தாண்டினால் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும். "உன்ன நம்பித்தான் போறேன் பாப்பா" என்றான். அந்த நம்பிக்கை எனக்குத் தேவையே இல்லை.

வெகு நேரம் அசையாமல் இருந்தேன். எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று, மறுபடி எண்பத்திரண்டு. சாப்பிட வா என்று அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தினாள். ஓடிப்போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன். கூடத்தில் நான் விழுங்கிக்கொண்டிருந்தபோது அம்மா துடைப்பத்தோடு அண்ணன் அறைக்குள் போனாள். தூசி பறக்குமே என்று உறையை எடுத்து மாட்டியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது பெட்டி தலை முதல் கால் வரை பூப்போட்ட துணிக்குள் இருந்தது. எண் தொண்ணூற்றெட்டு. நான் கத்துவதற்குள் திரை கறுத்தது. விசிறிகள் நின்றன. லேசான பொசுங்கல் வாடை வந்தது என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

அம்மா உறையை இழுத்து எறிந்தாள். அவள் திட்டுவாள், நானும் பதிலுக்குத் திட்டலாம் என்று இருந்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"செத்துருச்சா?"

தெரியாது என்றேன். அவள் தரையில் மண்டியிட்டு, சமையலறையிலிருந்து நான் எடுத்து வந்த டப்பா மூடியால் பெட்டிக்குள் விசிற ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்தால் எங்களுக்குக்கூட அப்படி விசிறியதில்லை. நான் அந்தோணியாரை வேண்டினேன். அவர் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர்; எரிந்த பொருளுக்கு யார் பொறுப்பு என்று தெரியாததால் அவரிடமே சொன்னேன். ஆறியிருக்கும் என்று தோன்றியதும் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை வந்தது. முப்பத்தொன்பது.

அம்மா நைட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் இல்லாமல், ஆனால் தோள் குலுங்கக் குலுங்க. ஒரு ப்ராசசருக்கு, அதுவும் மலிவானதற்கு, பிழைத்தும்விட்டதற்கு, இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவைத் தொடாமல் தள்ளி நின்றேன்.

அண்ணன் வந்ததும் அவளே சொன்னாள். "நான்தான் மூடிட்டேன் தம்பி. அது நின்னுருச்சு." அண்ணன் கையில் இருந்த பைகளைப் போட்டுவிட்டுப் பெட்டியிடம் பாய்ந்தான். நடுவில் அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றான். அம்மா சொன்னாள்.

"வேகத்தக் குறைச்சு வச்சிடுப்பா. கொஞ்சம் மெதுவா ஓடுனாத்தான் என்ன? எல்லாரும் ஓடுறாங்கன்னு அதையும் வெரட்டணுமா?"

அண்ணன் மறுக்கப்போகிறான் என்று நான் நிச்சயமாக இருந்தேன். அம்மா சொல்லி அவன் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. பைகளோடு வாசலில் நின்ற அப்பா செருப்பைக் கழற்றாமலே இருந்தார். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாரக்கணக்கில் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினான். கம்பெனி கொடுத்த வேகத்துக்கே கொண்டுவந்து வைத்தான். இதற்கா ஒரு மாதம் பேசினோம், இதற்கு விலை கூடியதையே வாங்கியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"இப்ப தாங்கும்ல?"

"தாங்கும்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுப்பா."

"தாங்கும்மா. பயப்படாதீங்க."

திரையில் ஐம்பத்தாறு என்று பச்சையில் தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்தால் போதுமே, இவள் எதற்கு அண்ணனின் முகத்தையே பார்த்துப் பார்த்துக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.