அக்கா வீட்டு ராக்கெட்

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம். என் அக்கா வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேல். கோழி நிறுக்கிற தராசை வைத்துக்கொண்டே வைகுண்டம் போகப் பார்த்தார்.

திருச்செங்கோட்டில் அவருக்கு போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் இரண்டு. "பூமிக்குள்ள ஆயிரம் அடி பாத்தாச்சுங்க மாப்ள, இனி மேல போலாம்" என்று போன வருடம் ஆரம்பித்தார். மூடிய செம்புக் கூம்புக்குள் மைக்ரோவேவைப் பாய்ச்சினால், பின்னால் எதையும் பீய்ச்சாமலே அது முன்னால் நகரும் என்று யூடியூபில் எவனோ சொல்லியிருக்கிறான். சேலத்துப் பாத்திரக்காரரிடம் கூம்பு அடித்து வாங்கி, பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து அதன் வாயில் மாட்டினார். கோழிப் பண்ணையில் இரவல் வாங்கிய தொங்கு தராசில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டால் நாலு கிராம் குறைந்தது. போதாதா, ராக்கெட் தயார்!

நான் இருபது வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். நின்றுபோன லாரிக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டைத் தள்ளினால் லாரி நகருமா என்று கேட்டேன். சூரிய ஒளி வெளியிலிருந்து வந்து விண்கலத்தில் விரித்த பாயைத் தள்ளலாம். விளக்கு வெளிச்சத்தைப் பின்னால் விட்டால் அதுவும் கொசு மூச்சு அளவுக்குத் தள்ளும். மூடிய டப்பாவுக்குள் எது எதில் மோதினாலும் டப்பா மொத்தமாக எங்கும் போகாது. இது தெரிந்த இயற்பியல். இதற்கு விதிவிலக்கை இதுவரை யாரும் காட்டியதில்லை. இதையெல்லாம் காரில் வீடு திரும்பும்போது என் மனைவியிடம்தான் சொன்னேன். மச்சானிடம் லாரியோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் பைத்தியம் அவரோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அக்கா மகளுக்குச் சென்னையில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். "எதுக்குங்க அவ்ளோ தூரம்? ஊட்ல இருந்தே இந்த மெஷினப் பாத்துக்கட்டும்" என்றார் அவர். அதைத் தீர்மானிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளையும் என்னையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் மெஷினை ஓட்டிக் காட்டினார். நாலு கிராம். அக்கா மகள் கூம்பைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். தள்ளுவிசை உண்மையென்றால் இப்போது எடை கூட வேண்டும். அப்போதும் நாலு கிராம் குறைந்தது.

"பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் வேலை செய்யுது!" என்றார் அவர். பங்காளிகள் தலையாட்டினார்கள்.

அவள் உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அதே கொக்கியில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். சூடேறச் சூடேற அதுவும் மூன்று கிராம் குறைந்தது. "சூடான காத்து மேல தூக்குதுங்கப்பா. ஒயரும் கொஞ்சம் இழுக்குது. அவ்ளோதான்" என்றாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அவர் அசையவில்லை. "போன வெள்ளிக்கிழமை கோயில்ல இந்த மெஷின் ஓடுமான்னு பூவாக்குக் கேட்டேன். வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் பொட்டலங் கட்டி வெச்சதுல வெள்ளப் பூதான் வந்துச்சு. அம்மனே சரின்னுட்டா. அவள விட இஸ்திரிப் பொட்டி பெருசா?"

பங்காளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பூவாக்கை மறுத்துப் பேசினவனுக்கு அப்புறம் அந்த வீட்டில் இலை போட மாட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ வாத்தியாரு சாமி. நீ சொல்லு. இது ஓடுமா ஓடாதா?"

ஓடாது. மூன்றே எழுத்து. பத்தாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் கையில் இஸ்திரிப் பெட்டி இன்னும் ஆறவில்லை.

"இன்னும் ஆராய்ச்சி பண்ணிப் பாக்கணுங்க மச்சான்" என்றேன்.

அவர் என் தோளில் தட்டி, சாப்பிடக் கூப்பிட்டார். வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை யாரும் சென்னைக்குப் போகவில்லை. மாமன் பார்வையிலேயே இருக்கட்டும் என்று அவளை எங்கள் கல்லூரியிலேயே சேர்த்துவிட்டார். முதல் பெஞ்சில் உட்காருகிறாள். மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அவள் என்னிடம் இதுவரை ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.