பெயர்ப்பலகையை மறைத்த பூவரசு

அருவியாற்றங்கரையில் வாகனங்களின் கழிவு ஒயில் ஊறிக் கிடந்த நிலத்தைப் பூங்காவாக்க மூன்று வருடம் மண் சுமந்தவர் மெற்றில்டா. அவர் நட்ட முப்பது கன்றுகளில் தப்பியது ஒரேயொரு பூவரசுதான். தன் குடிதண்ணீரில் பங்கு கொடுத்து அதை வளர்த்தார்.

திறப்பு விழாக் காலையில், பூங்காவுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்தார்.

“இந்த மரம் பேர்ப்பலகையை மறைக்குது. வெட்டிப்போடுங்கோ, அக்கா.”

மெற்றில்டா மரத்தடியில் நின்று வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

“வெட்டலாம் ஐயா. இந்த வெயிலுக்குப் பெரியாக்களை எங்க இருத்தப்போறியள்?”

அதிகாரி சுற்றிப் பார்த்தார். மற்றதெல்லாம் நேற்று வந்திறங்கிய பூச்சாடிகள்.

விருந்தினர் அமரும் கதிரைகள் பூவரசின்கீழ் வந்தன. பலகையில் பெயர் போட்டிருந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டியபடி இரண்டு மணிநேரம் தங்களையே புகழ்ந்தார்கள்.

“நல்ல நிழல். ஆர் வைச்சது?” என்றார் பிரதம விருந்தினர்.

“எங்கட கந்தோர்தான், சேர்,” என்றார் அதிகாரி.

மெற்றில்டா திருத்தவில்லை. கந்தோர் வைத்த மரத்தில் இனி யார் கத்தி வைப்பார்கள்?