காற்சட்டைப் பைக்குள் வந்த கிரேக்க ஓடு

கடந்த வருடம் குளிர்காலப் பள்ளி விடுமுறையில், சிட்னி நகரத்தில் உள்ள ஒரு தொல்பொருள் அருங்காட்சியகத்தில் தொடங்கிய சங்கதி இது. என் மகளுக்குப் பத்து வயது. பண்டைய கிரேக்கர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு புரொஜெக்ட் கொடுத்திருந்தார்கள். கூட்டிக்கொண்டு போகச் சொல்லி இரண்டு கிழமையாக என்னை அரித்தெடுத்துவிட்டாள். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வேறு வழியில்லாமல் நான் ஒரு நாள் லீவு போட்டு, நாங்கள் இருக்கிற வென்ட்வேர்த்வில்லில் அவளோடு ரயில் ஏறினேன்.

நான் டைல்ஸ் பதிக்கிறவன். இலங்கையிலிருந்து படகில் வந்தவன். இந்த நாட்டில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் நிரந்தர விசா இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணை தவணையாகத் தருவார்கள். அதற்கும் ஒழுங்காக நடப்பேன், சட்டத்தை மீறமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். அதனால் ஒரு வாகனமும் வராத தெருவில்கூடப் பச்சை விளக்கு எரியும் வரைக்கும் நின்றுதான் கடப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அங்கே பெரிய அக்கறை இல்லை. மூக்குடைந்த சிலைகளையும் இடிந்த கோயில்களின் படங்களையும் பார்த்தபடி மகளுக்குப் பின்னால் நடந்தேன். ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் கால் நின்றுவிட்டது. கிரேக்கத்தில் இடிபாடாகக் கிடக்கும் ஒரு வீட்டின் தரை. கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பதித்துக் கோலம் மாதிரிச் செய்திருந்தார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை, தரை மட்டும் இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் முழங்காலில் நின்று செய்த வேலை. அவனுக்கும் பின்னேரத்தில் முழங்கால் வலித்திருக்கும் என்று நினைத்தேன்.

கூடத்தின் மூலையில் ஒரு மேசை இருந்தது. உடைந்த மட்பாண்டத் துண்டுகளைத் தட்டில் பரப்பி, தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். தலை நரைத்த ஒரு பெண்மணி பொறுப்பாக நின்றார். மகள் ஒரு துண்டை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்துத் தன் கொப்பியில் படம் கீறிவிட்டு என்னிடம் தந்தாள். தண்ணீர்ச் சாடி ஒன்றின் துண்டாம். உட்புறத்தில் குயவனின் விரல் ஓடிய வரிகள் இருந்தன. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தது போல் பொருந்தியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. என் விசா விஷயத்தைப் பார்க்கும் வழக்கறிஞர். அவருடைய அழைப்புக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். குடிவரவுத் திணைக்களத்தில் என் கோப்பைத் திரும்பப் பார்க்க எடுத்திருக்கிறார்களாம். என் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று பொலிஸில் கடிதம் எடுத்து அனுப்பச் சொன்னார். சந்தோஷமும் படபடப்புமாக மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

வென்ட்வேர்த்வில்லில் இறங்கி, ரயில் அட்டையை எடுக்கக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அந்தத் தண்ணீர்ச் சாடியின் ஓடு கையில் தட்டுப்பட்டது.

வேலையிடத்தில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொள்வது என் பழக்கம். கடைக்குக் கொண்டுபோய் நிறம் பொருத்திப் பார்க்க அது வேண்டும். வருடக்கணக்காகச் செய்த வேலையைக் கை தானாகவே செய்துவிட்டது. நாசமாய்ப் போன கை!

துண்டின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் சின்னதாக ஒரு இலக்கம் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் ஓட்டைத் திரும்பப் பைக்குள் தள்ளிவிட்டேன். படகில் வந்த எங்களை அடைத்து வைத்த முகாமில் எங்களுக்கும் அப்படித்தான் ஒரு இலக்கம் இருந்தது. பெயரைச் சொல்லமாட்டார்கள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இலக்கம் போட்ட பொருள் என்றால் கணக்கில் இருக்கிறது, தேடுவார்கள். பொலிஸ் கடிதம் கேட்டிருக்கிற நாளில் நான் களவெடுத்தவன் ஆகிவிட்டேன். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டதால் அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். என்னோடு படகில் வந்த நண்பனுக்குப் போன் எடுத்தேன். அவன் யோசிக்கவே இல்லை.

“திருப்பிக் கொண்டு போய் மாட்டுப்படாதை மச்சான். ஓடைக்குள்ள எறிஞ்சுபோட்டுப் பேசாமல் இரு. உனக்குக் குடும்பம் இருக்கு.”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பொழுதுபடுகிற நேரம் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஓடைப் பாலத்துக்குப் போனேன். யாரோ நாயோடு நடந்து வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் எறியப் பயந்து திரும்பி வந்துவிட்டேன். மனச்சாட்சி தடுத்தது என்று எழுதினால் அது பொய். காலையில் வேலைக்குப் போகும்போது எறிவோம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் மகள் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் கீறிய படம், பக்கத்தில் அந்த இலக்கம், ஒரு எழுத்துப் பிசகாமல். எப்போதும் இங்கிலிஷில் பதில் சொல்லுகிறவள் அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

“அப்பா, இந்தப் பேஜைக் கிழிக்கட்டோ? ஆரும் பாத்தா உங்களுக்குப் பிரச்சினை வரும்தானே?”

நான் பயந்து பயந்து வாழ்ந்தது போதாதென்று இந்தப் பிள்ளைக்கும் மறைக்கப் பழக்கிவிட்டேனே என்று அழுகை வந்தது. கிழிக்க வேண்டாம், நாளைக்கு இரண்டு பேருமாய்ப் போவோம் என்றேன். வேலை முடிந்து வந்த மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது. ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சேர்ட்டை எடுத்து அயர்ன் பண்ணி வைத்தாள்.

அடுத்த நாள் அருங்காட்சியகம் திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். அதே பெண்மணிதான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் என் கடிதங்களை ஒரு பிளாஸ்டிக் கோவையில் கொண்டுபோவது வழக்கம். ஓட்டை எடுப்பதற்கு முதல் கோவையைத் திறந்து விசா, அடையாள அட்டை, கையெழுத்து வைத்த தாள் எல்லாவற்றையும் அவருக்கு முன்னால் பரப்பினேன். நான் ஏன் இதையெல்லாம் காட்டுகிறேன் என்று அந்த மனுசிக்கு விளங்கவில்லை. மகள்தான் என் பைக்குள் கையை விட்டு ஓட்டை எடுத்து நீட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். முதல் நாள் பூட்டும்போது ஒரு துண்டு குறைந்ததாம். மேசைக்குக் கீழே, குப்பைவாளிக்குள் எல்லாம் தேடினாராம். யாராவது தெரியாமல் கொண்டுபோயிருப்பார்கள், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இன்னும் யாருக்கும் அறிவிக்கவில்லையாம். பொலிஸுக்குச் சொல்லுவீர்களா என்று கேட்டேன். கொண்டுவந்து தந்ததற்கு என்ன பொலிஸ் என்றார்.

போவதற்கு முதல் ஒன்று கேட்டேன். இவ்வளவு பழைய சாமானை ஏன் எல்லோரும் தொட விடுகிறீர்கள்? அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. எந்த இடத்தில் தோண்டியது என்று பதிவு உள்ளவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றனவாம். இந்தத் தட்டில் இருப்பவை எல்லாம் யாரோ ஒரு காலத்தில் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தவை. எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு கடிதமும் இல்லை. அதனால் திருப்பி அனுப்பவும் இடம் தெரியாது. இங்கேயே வைத்துப் பார்க்கிறோம், பிள்ளைகளுக்குப் பிடித்தது இவைதான் என்றார். நான் மேசையில் கிடந்த என் கடிதங்களைப் பார்த்தேன். அடுக்கிக் கோவைக்குள் வைத்தேன்.

அவர் ஓட்டைத் திருப்பி, இலக்கத்தைப் பதிவேட்டோடு சரிபார்த்துவிட்டு, படத்தை முடித்துவிட்டுப் போ என்று மகளின் கையிலேயே திரும்பக் கொடுத்தார். பிறகு என்னிடம் பெயர் என்ன என்று கேட்டார். அந்தப் பக்கம் கிழியாமல் புரொஜெக்டில் போனது.

பொலிஸ் கடிதம் சுத்தமாக வந்தது, அனுப்பியும் விட்டேன். விசா இன்னும் வரவில்லை. அந்தக் கோவையை இன்றைக்கும் கையோடுதான் கொண்டு திரிகிறேன். ஆனால் பயம் பிடிக்கிற நேரமெல்லாம் அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது: என் கடிதங்கள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தும், அந்தப் பெண்மணி வாசித்தது ஓட்டின் இலக்கத்தை மட்டும்தான், என்னிடம் கேட்டது என் பெயரை.